புகைபோக்கிக்குப் போட்ட வெல்லம்

ஆடி 3, திங்கள்

விடியற்காலையில் சுமத்திராக் காற்று. மழை நேராக விழாமல் கடல் பக்கத்திலிருந்து அறைந்தது. ரொட்டிக் கொட்டகையில் ஒழுகல், வாளி போதவில்லை, குழம்புச் சட்டியும் வைத்தாயிற்று.

நல்லது முதலில்.

மகன் வீராசாமியின் மூத்தவன் கணேசன், ஜப்பான் பாஷைப் பள்ளிக்கூடத்தில் முதலாவது. பரிசு ஒரு பென்சில். பாஷை யாருடையதாயிருந்தால் என்ன, முதலாவது முதலாவதுதான்.

அவன் தங்கை ருக்கு, மரவள்ளி மாவை என்னைவிட நைசாகச் சலிக்கிறாள்.

சிரம்பானில் மகள் பாக்கியத்தின் பெரியவள் சரசு, தேவாரம் புத்தகம் பார்க்காமல் பாடுகிறாளாம். கோயில் ஐயரே நின்று கேட்டாராம். சின்னவன் ஒன்பது மாதத்தில் நடந்துவிட்டானாம். எங்கள் வீட்டுக் கால்.

இனி கெட்டது. ரொட்டி அடுப்பின் புகைபோக்கியிலிருந்து ஒரு செங்கல் ஓட்டின் மேல் விழுந்தது. வீராசாமி ஏறிப் பார்த்தான். கடலைப் பார்த்த பக்கம் முழுக்க உப்புப் பூத்து, இடுக்குச் சாந்து மாவாக உதிர்கிறது. விரலை விட்டால் உள்ளே போகிறது. அப்பா கட்டி முப்பது வருஷம், உப்புக் காற்று தின்றது என்றான்.

மத்தியானம் ரேஷன் ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி வந்தார். நம் ஆள்தான், தமிழ்தான்.

“பாட்டி, உங்க புகைபோக்கி வாயால புகை விடலே, விலாவால விடுது. பின்னாடி அத்தாப்பு ஓலைக் கொட்டகையில பட்டாளத்து அரிசி. ஒரு பொறி விழுந்தா என் தலையும் சேர்ந்து போயிரும்.”

அடுப்பை இன்றே அணைக்க வேண்டுமாம். பதினெட்டாம் பெருக்கு அன்று வந்து பார்ப்பாராம். அப்போதும் கசிந்தால் பட்டாளத்து ரொட்டி சீனன் கடைக்குப் போய்விடும்.

“அப்ப என் மகன்?” என்றேன்.

குடையை விரித்தார். “ரொட்டி போடாதவன் என்ன ரொட்டிக்காரன், பாட்டி?”

பட்டாளத்துக்கு ரொட்டி போடுகிறான் என்றுதான் வீராசாமியை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அடுத்த தெருவில் இப்போது ஆம்பிளை இருக்கிற வீடு எது என்று தேட வேண்டும். போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

அடுப்பை அணைத்தோம். பூனை அடுப்படியில் படுத்துப் பார்த்து எழுந்து போய்விட்டது.

ஆடி 4, செவ்வாய்

வெயில். கொத்தனார் கறுப்பண்ணன் வந்தார். வாய் நிறைய வெற்றிலை, வாய் நிறைய பேச்சு.

“யாரு சிமிந்தி வெச்சு ஒட்டுப் போட்டது?”

“சண்டைக்கு முந்தி நான்தான்,” என்றான் வீராசாமி.

“சிமிந்தி நிக்குது பாரு, மாப்பிள்ளை மாதிரி. சுத்தியிருந்த செங்கல்லு போயிருச்சு. மெத்துச் செங்கல்லுக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் இணங்கும். அதுவும் மெத்து, இதுவும் மெத்து. உப்புத் தண்ணி உள்ள வந்தாலும் சாந்து வழியா வெளிய போயிரும். சிமிந்தி விடாது. செங்கல்லு வெடிக்கும்.”

பத்து பெரெண்டாம் விமானத் திடலிலிருந்து ஒருவன் ஒரு மூட்டை சிமிந்தி கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருந்தான். அது பிடிபட்டால் தலை போகும். கறுப்பண்ணன் பேச்சால் அந்த ஆசையும் ஒழிந்தது. நல்லது.

வேண்டியவை: உஜோங் பாசிர் சிப்பிச் சுண்ணாம்பு. ஆற்று மணல் (கடல் மணல் கூடாது, அதிலேயே உப்பு). கோணி. மூங்கில், கயிறு. வெல்லத் தண்ணீர்.

“வெல்லத்துக்கு எங்க போறது லா,” என்று கறுப்பண்ணனே சிரித்தார். “இருந்தா பிடிப்பு நல்லா வரும். இல்லாட்டி விடுங்க.”

நான் உள்ளே போய் நெல்லுப் பானையின் மூடியை இறுக்கினேன்.

ஆடி 6, வியாழன்

மேகம். பழஞ்சாந்து சுரண்டல். விரல் முதற்கணு ஆழத்துக்கு எடுக்க வேண்டுமாம், மேலோடு பூசினால் தோல் மாதிரி உரிந்து வருமாம். பிறகு தென்னை நார் வைத்து உப்பைத் தேய்த்து, மழைத்தண்ணீரால் கழுவல். காய்ந்ததும் மறுபடி வெள்ளையாகப் பூத்தது. மறுபடி கழுவல்.

சுண்ணாம்பு தொட்டியில் கொதித்து அடங்கியது. ருக்குவை அண்டவிடவில்லை.

எதிர்க் கடை ராவுத்தர் அண்ணாந்து பார்த்து, “என்ன வீராசாமி, பெருநாளுக்கு வெள்ளையடிக்கிறியா?” என்றார். பிறகு மெதுவாக, “ரொம்ப நேரம் மேல நிக்காதே தம்பி. தெருக்கோடியிலேருந்தே தெரியுறே” என்றார்.

அது எனக்கு ஏன் தோன்றவில்லை.

ஆடி 7, வெள்ளி

சாந்து குழைத்த நாள். நெல்லுப் பானைக்குள் ஓலையில் கட்டி வைத்திருந்த மலாக்கா வெல்லத்தை எடுத்தேன். கொட்டைப்பாக்களவு ஒரு குடம் தண்ணீருக்குப் போதும் என்று கறுப்பண்ணன் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுப் புகைபோக்கி பாக்களவில் நிற்க வேண்டுமா? கட்டி முழுவதையும் கரைத்துவிட்டேன். இறுகினால் இரும்பாக இறுகட்டும்.

“வெல்லம் போட்டாச்சா அக்கா?” மேலேயிருந்து கறுப்பண்ணன்.

“போட்டாச்சு.”

மாலைக்குள் கடல் பக்கம் முழுக்க அடைத்தாயிற்று. ஈரக் கோணி கட்டியாயிற்று. பார்க்க அழகு. ராவுத்தர் சம்சாரத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆடி 9, ஞாயிறு

எறும்பு.

சுவர் ஓரமாகக் கறுப்புக் கயிறு விட்ட மாதிரி மேலே போகிறது. கோணியை எடுத்தால் சாந்து இன்னும் களி. நகம் வைத்தால் இறங்குகிறது.

கறுப்பண்ணன் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். “அக்கா, இது சாந்தா, பாயசமா? எவ்வளவு போட்டீங்க?”

“இருந்ததையெல்லாம்.”

“வெல்லம் மிஞ்சினா சுண்ணாம்பு இறுகவே இறுகாது. எல்லாத்தையும் தோண்டணும்.”

மருமகள் செல்லம் சாணிக் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். கூடையைக் கீழே வைத்தாள்.

“வெல்லம் தீர்ந்துபோச்சுன்னீங்களே அத்தை. ருக்கு காய்ச்சல்ல கேட்டப்ப.”

ஒரு அவசரத்துக்கு வேண்டும் என்று வைத்திருந்தேன். காய்ச்சல் அவசரமில்லையா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ராத்திரி மரவள்ளி, கீரை.

ஆடி 10, திங்கள்

கறுப்பண்ணன் வரவில்லை. பத்து மணிக்குப் பின்கதவில் தலையை மட்டும் நீட்டினார். பசார் பக்கம் ஆள் பிடிக்கிற லாரி நிற்கிறதாம். கொத்தனார் என்றால் விடுவார்களா, இன்னும் இழுத்துக்கொண்டு போவார்கள். புக்கிட் காதில் கிராமத்தில், மச்சான் தோட்டத்துக்குப் போகிறார்.

“செங்கல்லை இடிச்சுச் சலிச்சு, மாவுமாதிரி சாந்துல சேருங்க. சீக்கிரம் இறுகும். வெல்லம் வேணவே வேணாம் அக்கா, கும்பிடுறேன்.”

போய்விட்டார். வீராசாமி ஏணியை எடுத்தான். செல்லம் ஏணியைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

“நீங்க ஏறினா லாரிக்காரனுக்குக் கொடி காட்டுற மாதிரி. கீழ நின்னு குழைச்சுக் குடுங்க. நான் ஏறுறேன்.”

“தெரு சிரிக்கும்,” என்றேன்.

“சிரிக்கட்டும் அத்தை. சிரிக்கிறவங்க வீட்டுல ஆம்பிளை இருக்கானா?”

வீராசாமியின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஏறி, களியாய்க் கிடந்த சாந்தையெல்லாம் தோண்டிப் போட்டாள். நான் கிழங்கு இடிக்கிற உரலில் செங்கல் இடித்தேன். இடித்த கை மரத்துப்போய் எழுத்து கோணல்.

ராவுத்தர்: “அல்லா! பெருமாட்டி, உன் மருமக கூரையில ஏறினா மழை வருமா, நிக்குமா?”

“நிக்கும்,” என்று மேலேயிருந்து அவளே சொன்னாள்.

ஆடி 12, புதன்

காலையில் தூறல், பிறகு வெயில். இதை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

செல்லம் மேலே, கடைசி வரி. வீராசாமி கொட்டகையில் குழைத்துக்கொண்டிருந்தான். ராவுத்தர் கடையில் இருமல் சத்தம். ஒரு தரம் இல்லை, விடாமல். அவருக்கு இருமலே கிடையாது.

லாரி முனையில் திரும்புகிறது. பின்பக்கம் ஓடினால் பட்டாளத்துக் கொட்டகை, காவல்காரன். வீராசாமி ஒரு கணம் நின்றான். பிறகு அடுப்பு வாயைத் திறந்து உள்ளே ஊர்ந்துவிட்டான். ரொட்டி வைக்கிற இடத்தில். நான் இரும்புக் கதவைச் சாத்தினேன். மகனை அடுப்புக்குள் வைத்துக் கதவு சாத்தினேன்.

இரண்டு சிப்பாய், ஒரு கங்காணி. கங்காணி தமிழில், “ஆம்பிளை எங்க?”

கூரையிலிருந்து செல்லம், “சுண்ணாம்பு வாங்க உஜோங் பாசிர் போயிருக்காரு. நேத்துப் போனவரு. பார்த்தா கையோட கூட்டியாங்க, இங்க சாந்து காயுது!”

“பொம்பளையைக் கூரையில ஏத்திட்டு ஊர் சுத்துறானா?” கங்காணி சிரித்தான். சிப்பாய்களிடம் ஏதோ சொன்னான், அவர்களும் சிரித்தார்கள். ஒருவன் மா மூட்டையைக் குத்திப் பார்த்தான். ஒருவன் அடுப்புக் கதவில் கை வைத்துப் பார்த்தான். குளிர்ந்திருந்தது. திரும்பிவிட்டான்.

லாரி போன பிறகும் திறக்கப் பயம். திறந்தபோது தலை முதல் கால் வரை கரி. கண் மட்டும் வெள்ளை. செல்லம் இறங்கி வந்து பார்த்துவிட்டு, “வேகலே,” என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். பிறகு அவள் போய் வாந்தி எடுத்தாள்.

மேல் விளிம்பு இன்னும் பாக்கி. தண்ணீர் வெளிப்பக்கம் வழிகிற மாதிரிச் சரிவாகப் பூச வேண்டும். மத்தியானம் மறுபடி ஏறிப் பூசினாள்.

ஆடி 15, சனி

நல்ல வெயில், கோணியை நனைத்தபடி இருக்க வேண்டியிருந்தது. அதிகம் காய்ந்தாலும் வெடிக்குமாம். நகம் இறங்கவில்லை. எறும்பும் இல்லை. ருக்கு என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள்.

ஆடி 16, ஞாயிறு

தேங்காய் மட்டையில் சின்னத் தீ, அரை மணி. ஒரு கீறல், மயிரளவு. செல்லம் அடைத்தாள். மாலை மறுபடி தீ. சரி.

எனக்குக் கெண்டைக்கால் வீக்கம். வேப்பெண்ணெய்.

ஆடி 18, செவ்வாய்

பெருக்கு. ஆறு கும்பிடப் போகவில்லை. முழுத் தீ. கிராணி பொழுது சாயும்போது வந்தார், இருட்டில்தான் பொறி தெரியும் என்று. நான்கு பக்கமும் சுற்றி வந்து கழுத்து வலிக்கப் பார்த்தார். புகை வாய் வழியாக மட்டும். சுவரில் கை வைத்து, வாசனை பார்த்தார்.

“யாரு கொத்தனாரு? கைநேர்த்தி.”

“என் மருமக,” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். ராவுத்தர் கடைவரை கேட்டிருக்கும்.

கிராணி நம்பவில்லை. முதல் ரொட்டியைப் பிட்டுத் தின்றுகொண்டே, “நாளையிலேருந்து பழையபடி அனுப்புங்க. ரொட்டிக்காரங்க பட்டியல்ல வீராசாமி பேரு அப்படியே இருக்கும்,” என்றார்.

ஆடி 19, புதன்

மறுபடி சுமத்திராக் காற்று, விடியுமுன். எல்லோரும் எழுந்து கொட்டகையில் நின்றோம். ஒரு பொட்டுச் சாந்து விழவில்லை. பட்டாளத்து வண்டி வந்து ரொட்டி எடுத்துப் போனது.

வீராசாமி மாவு பிசைந்துகொண்டே சொன்னான்: “உள்ள கிடந்தப்ப ஒவ்வொருத்தர் முகமா நினைச்சேன்மா. உன் முகம், செல்லம், பிள்ளைங்க, தங்கச்சி. அவ சின்னவன் முகம் மட்டும் வரலே. பார்த்தாத்தானே வரும்.”

இன்றே சிரம்பானுக்கு எழுத வேண்டும். கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறார்கள், அடுப்பு விஷயம் கூடாது. இவ்வளவு போதும்:

பாக்கியம், எல்லோரும் சுகம். உன் அண்ணன் வீட்டில் இருக்கிறான், ரொட்டி போடுகிறான். அண்ணி சுகம், உன் அண்ணியைப் போல ஒருத்தி இந்த மலாக்காவில் கிடையாது. சின்னவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதிதாக ஒரு படம் எடுத்து, முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி, உடனே தபாலில் போடு.