அமுக்கினால் கழலும் வைப்பர்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்தே வானம் மப்பு. ஒரு சொட்டு இல்லை.

செய்ய வேண்டியவை: கிண்டிக்குப் போய் அச்சு பார்க்க. கோயம்புத்தூர் டீலருக்கு போன். மும்தாஜுக்குக் கண் சொட்டு மருந்து. கடை போர்டில் டியூப்லைட் மினுக்குகிறது, மாற்ற.

ஊரே மழை வேண்டாம் என்கிறது. நான் ஒருத்தன்தான் கடை வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் வைப்பர் பிளேடு வண்டிகளில் ஏறி ஒரு மாதம் ஆகப்போகிறது. வசந்தாவின் மூன்று ஸ்கூல் வேன், அது போகத் தெரிந்தவர்கள் கார் எட்டு. எல்லாம் நானே போய் மாட்டிக்கொடுத்தது, சும்மா. இன்னும் ஒரு நல்ல மழையைப் பார்க்கவில்லை.

இத்தனை வருடம் ராயப்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்றதில் மழைக்காலம் என்றாலே ஒரே கூத்து. மழை பிடித்த பிறகுதான் ரப்பர் தேய்ந்தது ஞாபகம் வரும். சொட்டச் சொட்ட வந்து நிற்பார்கள். வண்டிக்கு வண்டி கொக்கி வேறு. மாட்டத் தெரியாமல் கம்பியை விட்டுக் கண்ணாடியை உடைத்துக்கொண்டவர்களும் உண்டு. கடையை விட்டுவிட்டு நானே இறங்கிப்போய் நனைந்துகொண்டு மாட்ட வேண்டும். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் இந்தக் கிளிப். கம்பியும் பிளேடும் சேருகிற இடத்தில் ஒரு பட்டன். அமுக்கினால் பழையது கையோடு வரும். புதியதைச் செருகினால் டக். மெக்கானிக் வேண்டாம், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம்.

பட்டனை எங்கே வைப்பது என்பதற்குத்தான் மண்டை காய்ந்தது. கடைக்கு வந்தவர்கள் எல்லோர் கையிலும் ஒரு வைப்பரைக் கொடுத்து, "சும்மா பிடிங்க" என்றேன். எல்லோருடைய கட்டைவிரலும் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்தது. அங்கேயே வைத்துவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

கோயம்புத்தூர்க்காரர் வெள்ளி மத்தியானம் வருகிறாராம். பிடித்துப்போனால் தெற்கு முழுக்க அவர் கைவழியாகப் போகும். கிண்டியில் கிளிப் வார்க்க அச்சு வெட்டியாகிவிட்டது. திரும்பிப் போக வழி இல்லை.

சொட்டு மருந்து மறந்தேன். பெண்டாட்டியிடம் திட்டு.

நவம்பர் 4, செவ்வாய்

மூன்றரைக்கு மழை. நல்ல மழை. கடைப் பையனைப் போல வாசலுக்கு ஓடினேன்.

நாலரைக்கு வசந்தா போன். ஹலோ இல்லை, ஒன்றும் இல்லை.

"இன்னா பாய், உன் பிளேடு பறந்துக்கினு போச்சு."

எங்கே என்றேன். அடையாறு பாலம் ஏறும்போது. வேன் நிறையப் பிள்ளைகள். டிரைவர் பக்கத்துப் பிளேடு அப்படியே கழன்று ஆற்றுப்பக்கம் போயிருக்கிறது. வெறும் கம்பி கண்ணாடியைக் கீறிக்கொண்டே ஆடியிருக்கிறது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டி, பாலம் இறங்கி ஓரம் கட்டியிருக்கிறாள்.

"பசங்க கைதட்டுதுங்க பாய். இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டின்னு கத்துதுங்க. எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு."

யாருக்கும் ஒன்றும் இல்லையே என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

ராத்திரி தட்டை அப்படியே தள்ளி வைத்தேன். மும்தாஜ், "மூஞ்சி ஏன் இப்டி இருக்கு, யார் செத்தா?" என்றாள். அந்தப் பேச்சு வேண்டாம் என்றேன்.

நவம்பர் 5, புதன்

கிண்டி. தொழிற்பேட்டை உள்ரோட்டில் முட்டளவு தண்ணீர். தண்டபாணியின் பட்டறை மட்டும் மேட்டில். அச்சு வெட்டித் தருகிறவர் அவர்தான்.

பழைய கார் ஒன்றின் முன்பாகத்தைப் பட்டறையிலேயே வைத்திருக்கிறார். கண்ணாடி, மோட்டார், வைப்பர் எல்லாம் உண்டு. புதுப் பிளேடு மாட்டி, ஹோஸில் தண்ணீரை அடித்துக்கொண்டே ஓடவிட்டோம். டீ வந்தது. போண்டா வந்தது. வைப்பர் ஆடிக்கொண்டே இருந்தது. பெரிய ஃபேனை எதிரே வைத்தோம். கழலவில்லை. கையால் இழுத்துப் பார்த்தேன். ம்ஹூம்.

"அச்சுல தப்பு இல்ல பாய். அந்தம்மா எதாவது நோண்டியிருக்கும்."

தண்டபாணி அப்படிச் சொன்ன உடனே எனக்கு எவ்வளவு நிம்மதி. அதுதான் என் புத்தி. வீட்டுக்கு வருகிற வழியிலேயே வசந்தாவுக்கு போன் போட்டு, பட்டனை யாராவது தொட்டார்களா, பிள்ளைகள் விளையாடினார்களா என்றேன்.

"வேன் கண்ணாடி மேல ஏறி வெளையாடுமா பாய் எல்.கே.ஜி.?"

கட் பண்ணிவிட்டாள். மறுபடி எடுக்கவில்லை.

டீலர் குறுஞ்செய்தி: வெள்ளி மூணு மணி, உறுதி.

நவம்பர் 6, வியாழன்

விடிந்தும் விடியாமலும் மந்தைவெளி. நேரில் போனால்தான் வசந்தா சமாதானம் ஆவாள். பூரி பார்சல் வாங்கிப் போனேன்.

சந்தில் மூன்று வேனும் வரிசையாக. வசந்தா நைட்டி மேலே துண்டு, கையில் பக்கெட், வண்டி கழுவிக்கொண்டிருந்தாள். புருஷன் ஓட்டுகிற வேனையும் இவள்தான் கழுவுகிறாளாம், அவனுக்கு முதுகு வலி.

"வாய்யா விஞ்ஞானி. பூரி குடுத்தா மறந்துடுவனா? முப்பது புள்ளைங்க பாய்! ஒண்ணுக்கு ஆச்சுன்னா என்னைத்தான் கட்டி வெச்சு ஒதைப்பானுங்க, உன்னையா?"

திட்டிக்கொண்டே வைப்பரைத் தூக்கினாள், கண்ணாடி துடைக்க. கட்டைவிரல் மேலே, இரண்டு விரல் கீழே. டிக்.

சின்னச் சத்தம். அவள் கவனிக்கவே இல்லை. துடைத்தாள், திரும்பக் கீழே விட்டாள். பிளேடு கண்ணாடியில் ஒழுங்காகப் படிந்துகொண்டது. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கிட்டே போய்க் குனிந்தேன். பிளேடைப் பிடித்திருக்கிற கிளிப்பின் பல் பாதி கழன்று, விளிம்பில் தொத்திக்கொண்டு நின்றது.

இரண்டாவது வேன். தூக்கினாள். டிக்.

"இன்னா பாய், திட்டினா பதில் சொல்லணும். வண்டியை மொறச்சுக்கினு கீறே."

ஊரில் வண்டி கழுவுகிற ஒவ்வொருவரும் அப்படித்தான் தூக்குகிறார்கள். தினமும் காலையில். எல்லோருடைய கட்டைவிரலும் போகிற இடம் என்று தேடிப்பிடித்து வைத்தேனே, அந்த இடத்தில்தான் தூக்குகிறார்கள். கழற்ற என்று நான் வைத்ததை, கழற்ற நினைக்காதவர்கள் தினம் ஒரு தடவை பாதி கழற்றிவிட்டுப் போகிறார்கள். பட்டறையில் நாங்கள் புதிதாக மாட்டி ஓடவிட்டோம். யாரும் கழுவவில்லை.

அவளிடம் சொன்னேன். தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது என்று. பக்கெட்டைக் கீழே வைத்தாள். வேனுக்குள் இருந்த சின்னச் சீட்டு வரிசையைப் பார்த்தாள். அதுதான் திட்டைவிடக் கஷ்டம். மூன்று வேனிலும் மிச்சம் இருந்ததைக் கழற்றினேன். ஆட்டோவில் கடைக்குப் போய்ச் சாதாப் பிளேடு எடுத்துவந்து, பள்ளிக்கூட நேரத்துக்குள் மாட்டிவிட்டேன்.

"மத்த வண்டிங்க?" என்றாள்.

"சொல்லிடறேன்."

சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கே சுள்ளென்று வெயில். துணி காய்கிற வெயில். நாளை டீலர் வந்து போகட்டும், சாயங்காலமே எட்டுப் பேருக்கும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இன்றைக்குச் சொன்னால் மத்தியானத்துக்குள் மார்க்கெட் முழுக்கப் பரவும், "பாய் பிளேடு பறக்குதாம்" என்று. அவர் பாதி வழியிலேயே திரும்பிவிடுவார். ஒரு நாள்தானே. மழையே இல்லை.

மாலையில் ராகவன் சார் போன். அடையாறில் ஃபிளாட், மயிலாப்பூர் ஆசாமி. எட்டுக் காரில் ஒன்று அவருடையது.

"பாய், உம்ம சமாசாரம் பிரமாதம். மச்சினனுக்கு ஒரு செட் வேணுங்கறான். கார் அலம்பறவன்கூட மெச்சிண்டான்னா பாருமேன்."

சொல்ல இதுதான் நேரம். பயணம் ஏதாவது உண்டா சார் என்று பேச்சை மாற்றினேன்.

நாளைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாமியோடு பாண்டிச்சேரி கிளம்புகிறாராம், ரிசப்ஷன். "மழை கிழை வருமோ?" என்று என்னைக் கேட்டார்.

வராது சார் என்றேன்.

நானேதான் சொன்னேன்.

நவம்பர் 7, வெள்ளி

ஜும்மாவுக்குப் போகும்போது வெயில். முடிந்து வெளியே வரும்போது செருப்பு தேட வெளிச்சம் போதவில்லை. கடல் பக்கம் கருப்பு.

மூன்று மணிக்கு டீலர். தங்கமான மனுஷர். டேபிளில் மாதிரியை வைத்ததும் எடுத்தார், பேனா மாதிரி டக் டக் என்று அமுக்கிக்கொண்டே பேசினார்.

"ஏனுங்க, இத இத்தன நாளா யாருக்குமே தோணலீங்களே? எங்கூட்டுக்காரம்மாவே மாட்டிருவாங்க போங்க."

எவ்வளவு சீக்கிரம் தர முடியும் என்று கேட்டார். நான் விரல்களைப் பார்த்தேன். அவருடைய கட்டைவிரல். டக். டக். அப்போது வாசல் தகரத்தில் முதல் நாலு சொட்டு விழுந்தது. அப்புறம் கொட்டியது. அவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை.

"மன்னிக்கணும், ஒரு போன் பண்ணணும்" என்றேன். ஒன்று இல்லை, எட்டு. அவர் எதிரேயே. ஒவ்வொருவரிடமும் அதே பேச்சு: வண்டியை எடுக்காதீங்க, எடுத்திருந்தா ஓரம் கட்டுங்க, வைப்பர் கழலும். ஒருத்தர் திட்டினார். ஒருத்தர் சிரித்தார். தி. நகரில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தர், கார் பார்க்கிங்கில்தான் இருக்கிறது என்றதும் உயிர் வந்தது. ஏழு பேர் போனை எடுத்துவிட்டார்கள்.

ராகவன் சார் எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

டீலர் மாதிரியை மெதுவாக டேபிளில் வைத்தார்.

"பொருளு சரியில்லீன்னு நீங்களே சொல்றீங்களே."

ஆமாம் என்றேன். பட்டனை இடம் மாற்ற வேண்டும், அச்சு புதிதாக வெட்ட வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது என்றேன். முதலிலேயே சொல்லியிருந்தால் பஸ் ஏறியிருக்க மாட்டேனே என்றார். கோபமாகச் சொல்லவில்லை. குடை இல்லாமல் வந்திருந்தார். என் குடையைக் கொடுத்து அனுப்பினேன். ‘பார்க்கலாமுங்க’ என்று சொல்லிக்கூடப் போகவில்லை.

அந்த வருத்தம்கூட நிற்க இடம் இல்லை மனதில். மறுபடி ராகவன் சார். நாட் ரீச்சபிள். மும்தாஜ் வீட்டிலிருந்து கடைக்கே வந்துவிட்டாள், போனில் என் குரல் சரியில்லையாம். நடந்ததைச் சொன்னேன். "நேத்தே சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். அவளே என் போனைப் பிடுங்கி அடித்துக்கொண்டிருந்தாள். ரிங் போனது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லும் பாய்! டிரைவ் பண்ணிண்டிருக்கேன். செம மழை. ஆனா உம்ம பிளேடு பேஷா தொடைக்கறது!"

பின்னால் அது கேட்டது. சர்ர். சர்ர். சர்ர்.

"சார், வண்டிய ஓரமா நிறுத்துங்க."

"என்னது? மகாபலிபுரம் தாண்டிடறேன், அப்பறமா…"

"இப்பவே நிறுத்துங்க சார்! வைப்பர் கழண்டுடும்!"

கத்திவிட்டேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போனில் மாமியின் குரல்: "ஏன்னா, அவர்தான் இப்படிக் கத்தறாரே, நிறுத்துங்கோளேன்!" இண்டிகேட்டர் சத்தம். ஹாரன், பஸ்ஸாக இருக்க வேண்டும். அப்புறம் சர்ர் நின்றது.

இறங்கிப் போய்ப் பிளேடைப் பாருங்கள், தொட்டு மட்டும் பாருங்கள் என்றேன். கதவு திறந்தது. மழை போனுக்குள் கொட்டியது.

"பாய்." குரல் மாறியிருந்தது. "கைல வந்துடுத்து. நான் எதையும் அமுக்கவே இல்லையே."

உள்ளேயே உட்காருங்கள், ஹசார்ட் லைட் போடுங்கள், நான் வருகிறேன் என்றேன். ரிசப்ஷன் என்றார். போக முடியாது சார், மன்னிச்சிடுங்க என்றேன். ஏன் நேற்றே சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. நேரில் கேட்பார். கேட்கட்டும்.

சாதாப் பிளேடு ஒரு ஜோடி, அவர் வண்டிக்கான கொக்கி, ஸ்க்ரூடிரைவர், டார்ச், துண்டு. மும்தாஜ் தானும் வருகிறாள், மாமி தனியாக உட்கார்ந்திருப்பாளாம். ஃபிளாஸ்கில் டீ வாங்கப் போயிருக்கிறாள். அவள் வரும்வரை இதை எழுதுகிறேன்.

வந்துவிட்டாள். கார் சாவி எங்கே என்கிறாள்.

என் காரிலும் அதே பிளேடுதான். முதலில் அதைக் கழற்ற வேண்டும்.