நான் சொன்ன ‘சரிங்க’

21-8-96, புதன்

நேற்றுமுன்தினம் தியேட்டருக்கு எதிரில் நான் நின்றது அவிநாசி பஸ்ஸுக்காக. சென்னையிலிருந்து புதிதாக வந்திருக்கும் மாலைப் பத்திரிகை நிருபர் என் பெயரையும் டிபார்ட்மென்டையும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, “புதுப்படம் வந்தா காலேஜ் பசங்க கிளாசுக்கே போக மாட்டீங்க, அப்படித்தானே?” என்றார். பஸ் வந்துவிட்டது. “சரிங்க” என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். எங்கள் பக்கம் அதற்கு ‘ஆளை விடுங்கள்’ என்று அர்த்தம். அந்த ஆள் நான் ஒப்புக்கொண்டதாகப் பெயரோடு போட்டுவிட்டார்.

இன்று எச்.ஓ.டி. கூப்பிட்டார். மேசைமேல் பேப்பர்.

“வாங்க தம்பி. மெக்கானிக்கல் மானத்தையே வாங்கிப்போட்டீங்களே.”

“நான் ஒத்துக்கலைங்க சார். அந்தாளு போகோணும்னுதான் சரிங்கன்னேன்.”

“அது எனக்குத் தெரியாதுங்களா? பேப்பர் படிக்கறவனுக்குத் தெரியோணுமல்ல?”

வெள்ளிக்கிழமை பம்ப் கம்பெனி இன்டர்வியூ பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார். மூன்று வருஷமாக லேபில் பம்ப்பைப் பிரித்து மாட்டியவன் நான். தெரிந்தே அடிக்கிறாரே, அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது. பேப்பர் ஆபீசுக்குப் போன் செய்தால், “நீங்க சொன்னதைத்தானே போட்டோம்” என்கிறார்கள்.

என் இடத்தில் ரூம்மேட் மோகனைப் போட்டிருக்கிறார்கள். கிளாசைக் கட்டடித்து முதல் காட்சிக்குப் போனவனே அவன்தான். “மனசுல வெச்சுக்காத மாப்ள” என்றான். இப்போது அந்தப் படத்துப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இன்டர்வியூ சட்டையைத் தேய்க்க உட்கார்ந்திருக்கிறான். இஸ்திரிப் பெட்டி சூடேறவில்லையாம். என்னை ரிப்பேர் பார்த்துத் தரச் சொல்கிறான்.