கட்டைவிரல் வெளியே

ஜூலை 7, திங்கள்

விடாத மழை. ஹார்பர் லைன் ரயில் நாற்பது நிமிடம் லேட். துணி ஒன்றும் காயவில்லை.

வாங்க: ரவை, பாத்திர சோப்பு, முழுக்கை குர்தா இரண்டு.

வலது முழங்கைக்கு மேல் நான்கு விரல் தடம். நேற்றுச் சிவப்பு, இன்று ஊதா. ஆபீஸில் கேட்டவர்களுக்கு: ரயிலில் லேடீஸ் டப்பாவில் நெரிசல். எல்லோரும் நம்பினார்கள். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

வீட்டுக்காரர் லிஃப்டில் ஒட்டியிருந்த ஜிம் நோட்டீஸைக் கிழித்து வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பெண்களுக்குப் பெர்சனல் டிரெய்னர், முதல் நாள் இலவசம். "போய்ச் சேரு. பெண்டாட்டின்னு சொல்லிக்க வெக்கமா இருக்கு. பாக்கறவன் எங்கம்மாவான்னு கேக்கறான்."

மூன்று வாரமாக அதே நோட்டீஸைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் காரணம் வேறு. இப்போது போனால் அவர் சொல்லிப் போனதாகிவிடும். போகாவிட்டால் கையில் பலம் வராது.

ஜூலை 9, புதன்

போனேன். சேர அல்ல, பார்க்க.

டிரெய்னர் ஷீபா. தாராவிப் பெண், இருபத்தாறு இருக்கும். வீட்டில் திருநெல்வேலித் தமிழ். பேசுவாள், படிக்க வராது.

"எதுக்குக்கா வந்திருக்கிய? வெயிட் குறைக்கவா?"

"தூக்க."

"எவ்ளோ?"

"எழுபத்தெட்டு கிலோ."

"ஹாய்லா! அதென்ன கணக்கு எழுபத்தெட்டு?"

அவருடைய எடை. கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தும்போது என் மேல் இருப்பது.

இரண்டு கையிலும் மெத்தை மாட்டிக்கொண்டு எதிரே நின்றாள். "அடி!"

"என்ன?" என்றேன். வீட்டில் என் பெயரே அதுதானே. அடி, அடியே.

விழுந்து விழுந்து சிரித்தாள். "யக்கா, உங்களைக் கூப்பிடல. குத்தச் சொல்லுதேன்."

மறுபடி "அடி!" இந்தத் தடவை தலை தானாகக் குனிந்தது, கை இரண்டும் காதைப் பொத்திக்கொண்டன. அவள் சிரிக்கவில்லை. என் முழுக்கையையே பார்த்தாள்.

பிறகு குத்தினேன். எத்தனை தரம், தெரியாது. மூக்கு, மூக்கு, வாய். மனதில் மெத்தை இல்லை. "பஸ்க்கா, பஸ்! போதும்!" என்று அவள் கத்தும்வரை.

வெளியே வந்ததும் பயம். அவரை நினைத்து அல்ல. இது எனக்குப் பிடித்திருக்கிறதே என்று.

சேர்வதா? தெரியவில்லை. இந்தக் கையைப் பழக்கிவிட்டால், பிறகு நான் யார்?

ஜூலை 12, சனி

காலையில் வெயில். பத்து நாளுக்குப் பிறகு.

"ஜிம்முக்குப் போனியே, என்ன கத்துக்கிட்ட? காமி." என் தலைமுடியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் கேட்டார். ஃபிரிட்ஜ் கதவில் நெற்றி. இரண்டாம் தரம் உதடு. பல்லில் ரத்தம். "வாயத் திற. அடியே!"

அடித்தேன்.

முருங்கைக்காய் ஒடிப்பதுபோல் ஒரு சத்தம். மூக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பனியன் முழுக்கச் சிவப்பு. இருபத்தொரு வருடத்தில் அந்த முகத்தில் அப்படி ஓர் ஆச்சரியம் பார்த்ததில்லை. எழுந்தால் கொன்றுவிடுவார் என்று தெரிந்தது. எழுவதற்குள் இன்னொன்று போடலாம் என்பதும் தெரிந்தது. கை ஓங்கியபடியே இருந்தது.

பர்ஸ். இந்த டைரி. செருப்பு. படி.

ஜூலை 13, ஞாயிறு

நேற்றையதையும் இன்றுதான் எழுதினேன், இடது கையால். மாட்டுங்கா, கல்லூரித் தோழி கீதா வீடு. வலது கட்டைவிரல் முறிவு. மாவுக்கட்டு.

ஷீபாவைப் பார்க்கப் போனேன். கட்டைப் பார்த்தவுடன் முதல் கேள்வி: "கட்டைவிரலை உள்ள மடக்கிக் குத்துனியளா?"

"ஆமா."

"அட போங்கக்கா! வெளிய வைக்கணும்லா. சொல்லித் தராதது என் தப்பு. அந்த ஆளுக்கு எங்க பட்டுச்சு?"

"மூக்கு."

"அந்த வீட்டுக்குத் திரும்பப் போவியளா?"

"இல்ல."

"அப்ப இனி யாரைக் குத்த ட்ரெயினிங்?"

நியாயமான கேள்வி. ஓங்கிய கையை எப்படி இறக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த முறை தெரிந்து இறக்க வேண்டும். இதை எப்படிச் சொல்வது? "பிடிச்சிருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

"சரி. ஆறு வாரம் கால் எக்சர்சைஸ் மட்டும்."

ஃபாரம் தந்தாள். பெயர், வயது, எடை. அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. வெடுக்கென்று பிடுங்கித் தன் நம்பரை எழுதி, என் உள்ளங்கையிலும் எழுதிவிட்டாள். கோழிக் கிறுக்கல். கடைசி எண் ஆறா, எட்டா, நாளை கேட்க வேண்டும்.