எனக்குக் கிடைத்த நீச்சல் சான்றிதழ்

தேவியின் அம்மாவுக்கு,

சுற்றுலா வந்த இந்தக் கரீபியன் தீவு ரிசார்ட்டில் நானும் கலியமூர்த்தியும் மற்ற கூட்டாளிகளும் சௌக்கியம். சாப்பிடுகிறோம், சாய்வு நாற்காலியில் படுத்துக் கிடக்கிறோம்.

நேற்று கரையோரம் நின்றிருந்தேன். நீச்சல் சொல்லித்தரும் பெண் ஓடிவந்து, ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டி, கையைப் பிடித்துக் கடலில் இறக்கினாள். நம்மூர் பனித்திட்டில் முப்பது வருஷம் படகு ஓட்டியவன் என்று அவளுக்கு எந்தப் பாஷையில் சொல்வேன்?

"இன்னாடா முழிக்கிற, கத்துக்கடா!" என்று கலியமூர்த்தி கரையில் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் கையைக் காலை ஆட்டினேன். சாயங்காலம் சான்றிதழே கொடுத்துவிட்டாள்.

சுனாமிக்குப் பிறகு கடலில் இறங்குவதில்லை என்று உனக்குச் சத்தியம் செய்து, இருபது வருஷம் காப்பாற்றியவன்தான். தண்ணீர் நெஞ்சைத் தொட்டதும் அழுதுவிட்டேன். கண்ணில் உப்பு பட்டுவிட்டதென்று அவள் துடைத்துவிட்டாள்.

ஊருக்கு வந்ததும் வேண்டிய மட்டும் திட்டு. நாளைக்கும் இறங்குவேன்.

உன் வீட்டுக்காரன்