வரியில்லா விதவை

டிசம்பர் 25, 2018, செவ்வாய்

இந்த வருடம் என் கணவன் ஆர்வில் எனக்குத் தந்த பரிசு ஓர் உறை. போன வருடம் பனி தள்ளும் மண்வெட்டி. ஆகவே முன்னேற்றம்தான். உள்ளே ஒரு வங்கிக் கடிதம்: அவனுடைய ஓய்வுக்காலச் சேமிப்பில் அறுபதாயிரம் டாலர் பழைய கணக்கிலிருந்து 'ராத்' என்ற இன்னொரு வகைக் கணக்குக்கு மாற்றப்பட்டுவிட்டது.

"பழைய கணக்குல எடுக்கறப்பல்லாம் வரி. இதுக்கு இப்பவே ஒரு தடவை கட்டிட்டா அப்புறம் கிடையாது. நான் போனப்புறம் நீ வரி கட்டிக்கிட்டு நிக்கக் கூடாது, லோயிஸ்."

செப்டம்பரில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து இறந்துபோவதில் மும்முரமாக இருக்கிறான். நன்றி சொன்னேன்.

டிசம்பர் 30, ஞாயிறு

யோசனை என் தம்பி டெல்பர்ட்டுடையதாம். ஏரி உறைந்தால் அவனும் ஆர்விலும் பனிமேல் மரக்குடில் போட்டு, துளையிட்டு, மீனுக்குக் காத்திருப்பார்கள். மீன் வராதபோது நிதி ஆலோசனை. டெல்பர்ட் முப்பது வருடம் டிராக்டர் விற்றவன்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். "பரிசைக் கேட்டுட்டா வாங்குவாங்க?" என்றான் ஆர்வில்.

பிப்ரவரி 16, சனி

நூலகத்தில் இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தருபவர் மிஸஸ் ரூத்தன். எங்கள் மகளுக்குப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவர். தப்பான விடையைப் பார்க்கும் அதே பார்வை.

"மாத்தின அறுபதாயிரமும் போன வருஷ வருமானம், ஆர்வில்."

"ஒரு டாலரைக்கூட நான் கையால தொடலையே!"

"தொடணும்னு சட்டத்துல இல்ல."

வரி பதினோராயிரம். அதை அவன் எதிர்பார்த்திருந்தான். எதிர்பாராதது வேறு. எங்கள் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தில் பெரும்பங்கை அரசு கட்டுகிறது, வருமானம் முப்பத்துநாலாயிரம் என்று நாங்கள் எழுதிக் கொடுத்ததை நம்பி. இப்போது அது தொண்ணூற்றுநாலாயிரம். அந்த உதவிக்கான வருமான வரம்பை ஒரு டாலர் தாண்டினாலும் வருடம் முழுக்கக் கொடுத்தது திரும்பிப் போக வேண்டுமாம். பதினாறாயிரம்.

"சரி, பணத்தைப் பழைய கணக்குக்கே திருப்பிடுங்க," என்றான்.

"முந்தின வருஷம் வரைக்கும் அப்படிச் செய்ய முடிஞ்சுது. இப்ப சட்டம் மாறிப்போச்சு. போனது போனதுதான்."

ஆக, போன வருடம் நாங்கள் வசதியானவர்களாக இருந்திருக்கிறோம். யாராவது முன்பே சொல்லியிருந்தால் கொஞ்சம் அனுபவித்திருப்போம்.

பிப்ரவரி 17, ஞாயிறு

தூக்கமில்லை. அவனும் தூங்கவில்லை, தூங்குவதுபோல் நடிக்கிறான். நாற்பது வருடமாகியும் நடிப்பு தேறவில்லை.

பிப்ரவரி 20, புதன்

காலையில் முட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "என் காப்பீட்டை நிறுத்திடலாம். உனக்கு மட்டும் போதும். மே மாசத்து இதயப் பரிசோதனையும் வேண்டாம். நல்லாத்தானே இருக்கேன்."

மாடிப்படியில் ரெண்டு தடவை நின்னு மூச்சு வாங்கறவன் நல்லா இருக்கானாம். அட மனுஷா — நீ செத்தப்புறம் நான் சௌகரியமா இருக்கணும்னு ஒரு காரியம் பண்ணி, அதுக்கு ஆன செலவை ஈடுகட்ட நிஜமாவே சாகப் போறியா? இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?

மார்ச் 8, வெள்ளி

தேவாலய நிலவறையில் மீன் வறுவல் விருந்து. டெல்பர்ட் இரண்டு தட்டுகளோடு எதிரே வந்து உட்கார்ந்தான். இரண்டும் அவனுக்கு.

"அக்கா, நான் பொதுவாத்தான் சொன்னேன்."

"மச்சான், நீ பொதுவா சொன்னது எனக்குத் தனியா இருபத்தேழாயிரம்," என்றான் ஆர்வில்.

"பழைய கணக்குல மிச்சம் இருக்குல்ல? அதுல எடுத்துக் கட்டிடு."

"எடுத்தா அதுவும் இந்த வருஷ வருமானம்டா. பேசாம சாப்பிடு," என்றேன். சாப்பிட்டான். அவன் இதுவரை கேட்ட ஒரே நல்ல ஆலோசனை.

மார்ச் 11, திங்கள்

மிஸஸ் ரூத்தனைத் தொலைபேசியில் கேட்டேன். எங்கள் வயதில், மாற்றிய பணத்தை ராத் கணக்கிலிருந்து எடுத்தால் அது வருமானத்தில் சேராது. எந்தக் கணக்கால் குழியில் விழுந்தோமோ அதிலேயே ஏணியும் இருக்கிறது.

"அது உன் பணம். தொட மாட்டேன்," என்றான் ஆர்வில்.

"என் பணம்னா நான் சொல்றபடி செலவு பண்ணு. எனக்கு அதுல ஒரு புருஷன் வேணும்."

கொட்டகைக்குப் போய் எதையோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 12, வெள்ளி

கையெழுத்துப் போட்டான். இருபத்தேழாயிரம். "ஏதாவது விசேஷமா?" என்று கேட்டாள் வங்கிப் பெண். "ஆமா, கிறிஸ்துமஸ்," என்றான்.

மே 21, செவ்வாய்

பரிசோதனை நடந்தது. மூச்சு வாங்கியதற்கு மாத்திரையின் அளவுதான் காரணமாம், குறைத்துவிட்டார்கள். மருத்துவருக்கு எங்கள் மகளைவிட வயது குறைவு. "உங்க இதயம் இன்னும் இருபது வருஷம் தாராளமா ஓடும், மிஸ்டர் ஹால்வர்சன்," என்றாள்.

காரில் ஏறி உட்கார்ந்தான். விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான்.

"இருபது வருஷமா? லோயிஸ், அதுக்குக் காசு பத்தாதே!"

"பத்தாதுதான்," என்று வண்டியை எடுத்தேன்.