காட்டு ரோஜாக் கொப்பு

செப்டம்பர் 27, சனி

மகள் மினோரி போய் இன்றோடு மூன்று வாரம். முப்பத்திரண்டு வயதில் தலைக்குள் நரம்பு வெடிக்கும் என்று யாருக்குத் தெரியும்.

மதியம்வரை கொட்டகையில் பெர்சிமன் பழம் தரம் பிரித்தேன். அவள் போய்க்கொண்டிருந்த பூ அலங்கார வகுப்பு டீச்சர் செகாவா போன் செய்தார். "மினோரியோட கத்தரிக்கோல் இங்கேயே இருக்கு, வந்து வாங்கிக்கிறீங்களா?" போனேன். அவள் உட்காரும் இடத்தையும் காட்டினார். உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் நாணலும் நீலப் பூவும் கொடுத்தார்கள். தட்டில் இருக்கிற ஊசிக் கட்டையில் எல்லாவற்றையும் குத்தி வைத்தேன்.

"கட்டுக் கட்டா இருக்கு. பாதியை எடுங்க."

எடுத்தேன். இன்னும் பாதி என்றார். எரிச்சலாக வந்தது.

அக்டோபர் 1

மாப்பிள்ளை குனிஹிகோவிடம் இன்று கேட்டுவிட்டேன். எரித்து ஜாடியில் வைத்திருக்கிற அவள் எலும்பில் ஒரு துண்டு, நகமளவு, என் வீட்டில் வைத்துக்கொள்ள. மீதி அவர்கள் குடும்பக் கல்லறைக்குப் போகட்டும். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கைக் கொஞ்சம் முன்கூட்டியே, 19ஆம் தேதி ஞாயிறு வைத்திருக்கிறார்கள். அன்று ஜாடியைச் சாய்த்து, கல்லறை மண்ணில் கொட்டிவிடுவார்கள். அங்கே ஏற்கெனவே கிடக்கிறவர்களோடு கலந்துவிடும். அப்புறம் ஏது.

"அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன் அத்தை."

பெண்டாட்டி எலும்புக்கு அம்மாவைக் கேட்கணுமா?

அக்டோபர் 4

வகுப்பு. தண்டைத் தண்ணீருக்குள் வைத்து வெட்டணுமாம். வெளியே வெட்டினால் காற்றைக் குடித்துச் செத்துப்போகும்.

அக்டோபர் 8

சம்பந்தியம்மா புசாகோவே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எலும்பைப் பிரிச்சா புள்ள எங்க போய் நிக்கும்? அங்க பாதி இங்க பாதின்னு அலையணுமா?"

அவள் படித்தவள். சடங்குப் பூவையாவது நான் வைக்கிறேனே என்றேன்.

"வைங்க. மத்தத அன்னைக்குப் பாக்கலாம்."

அன்றைக்குப் பார்க்கலாம் என்றால் சரி என்றுதானே?

அக்டோபர் 11

காட்டு ரோஜாக் கொப்பு வைக்கப் போகிறேன் என்று டீச்சரிடம் சொன்னேன். இப்போது அதில் மணி மணியாய்ப் பழம் சிவந்திருக்கிறது. சின்ன வயதில் மினோரி அதைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வாள்.

"முள்ளுச் செடி புத்தர் மாடத்துக்கு ஆகாதே, தோமிகோ அம்மா."

"முள்ளை எடுத்துட்டா?"

"தெரியல. நான் அப்படிச் செஞ்சதில்ல."

அக்டோபர் 18

முள் எடுத்தேன். அறுபத்திரண்டு. விரலெல்லாம் எரிகிறது.

அக்டோபர் 19

காலையில் அவர்கள் வீட்டு மாடத்தில் பூ வைத்தேன். இடப்பக்கம் சாய்ந்து ஒரே கொப்பு, பின்னால் இரண்டு வெள்ளைச் செவ்வந்தி. மற்றதையெல்லாம் வெட்டிவிட்டேன். புசாகோ வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்கே." கொப்பைத் தடவினாள். சட்டென்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஒன்றை விட்டிருக்கிறேன். ஒரே ஒன்று.

"முள்ளு," என்று மட்டும் சொன்னாள். கொப்பை உருவி வாசலில் போட்டுவிட்டு வந்தாள். எலும்புப் பேச்சை நான் எடுக்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

கல்லறையில் கல்லை நகர்த்தினார்கள். மாப்பிள்ளை ஜாடியைச் சாய்த்தார். அந்தச் சத்தம் — எழுத வரவில்லை. பிக்கு ஓதிக்கொண்டிருந்தார். நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. மண்டி போட்டு, தோள்வரை கையைக் குழிக்குள் விட்டேன். ஒன்று அகப்பட்டது. பிடித்துக்கொண்டேன்.

"அத்தை, விடுங்க அத்தை."

விடவில்லை. புசாகோ குனிந்து என் கையைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அது மினோரிதான்னு எப்படித் தெரியும்? எங்க வீட்டுக்காரரு போய் மூணு வருஷந்தான் ஆகுது. அவரும் வெள்ளையாத்தான் இருப்பாரு."

பார்த்தேன். தெரியல. பெத்தவளுக்கே தெரியல.

கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன். யாரும் தடுக்கவில்லை.

அக்டோபர் 20

வேலைக்குப் போகவில்லை. எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யார் நீ?

அக்டோபர் 25

வகுப்புக்கும் போகவில்லை.

நவம்பர் 1

புசாகோ போன். மூன்றாவது தடவைதான் எடுத்தேன். திருப்பிக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அதுக்குப் பூ வைக்கிறீங்களா?"

"இனிமேதான்."

"முள்ளில்லாம வைங்க." நான் போனை வைக்கப்போனேன். "ஒருவேளை அது எங்க வீட்டுக்காரரா இருந்தா, அவருக்குப் பூவெல்லாம் கண்ணுலயே படாது. சாயங்காலம் ஒரு கிண்ணம் சாக்கே சாராயம் வேணும். சூடா."

சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை.

நவம்பர் 8

வகுப்புக்குப் போனேன். இலை கொட்டிய பெர்சிமன் கிளை, நுனியில் ஒரு பழம். வீட்டுக்கு எடுத்துவந்து கைக்குட்டைக்கு முன்னால் வைத்தேன். சாயங்காலம் சாக்கே சுடவைத்து ஒரு கிண்ணம் ஊற்றினேன்.

புகுந்த வீட்டில் மாமனார் குடிக்க உட்கார்ந்தால் மினோரி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிடுவாளாம். அந்த வாடை அவளுக்கு ஆகாது. திறந்து வைத்திருக்கிறேன். நல்ல குளிர்.