அஞ்சலி போஸ்டரில் உன் முகம்

மாப்ள,

இன்று காலை சர்வீஸ்காரர் நம் ஃப்ளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி ப்ளோயரால் ஊதினார். சூடேறிய பழைய தூசி வாடை கடை முழுக்கப் பரவியது. நீ இருந்திருந்தால், "இத்தன வருசமா தின்னத இன்னைக்குத்தான் கக்குது" என்று சொல்லியிருப்பாய். சிரிப்பு வந்தது.

மெஷின் இப்போது படுத்துகிற பாடு உனக்குத் தெரியாது. ஒரு கல்யாண ஃப்ளெக்ஸைத் திறக்கச் சொல்லிவிட்டு, போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். "ராம் மெமரி மட்டும் கூட்டுனா கொஞ்ச நாள் ஓட்டலாம்ங்க" என்றார் சர்வீஸ்காரர். "ஹார்டு டிஸ்க்கத் தூக்கிட்டு எஸ்எஸ்டி போட்டு, புது விண்டோஸ் ஏத்துனா பறக்கும். ஆனா ஒங்க பழைய டிசைன் சாஃப்ட்வேர் அதுல ஓடாது. டிசைனெல்லாம் புதுசா போடணும். என்ன செய்யட்டும்?" இலுப்பூரில் வேறு எவனுக்கும் இது ஒரு கேள்வியே இல்லை. எனக்கு மட்டும்தான் கேள்வி. அந்த டிஸ்க்கில்தானே நீ இருக்கிறாய்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நாம் ஒரு மாதிரி டிசைன் போட்டு வைத்தோம். நடுவில் ஒரு வட்டம், சுற்றி மாலை. அளவு பார்க்க வட்டத்துக்குள் ஒரு முகம் வேண்டும். உயிரோடு இருக்கிறவர் படத்தை யார் அதில் வைப்பார்கள்? நான் ஏதாவது பூப்படம் தேடிக்கொண்டிருந்தேன். நீ உன் பாஸ்போர்ட் போட்டோவைத் தூக்கிப் போட்டாய். "எமன் வந்தாலும், இவனுக்குத்தான் போஸ்டரே அடிச்சாச்சேன்னு திரும்பிப் போயிருவான், விடுறா." அன்றிலிருந்து ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும், உன் முகத்தை எடுத்துவிட்டுத்தான் செத்தவர் முகத்தை வைத்தோம்.

குளத்தூரில் ஃப்ளெக்ஸ் கட்டப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் உன் அண்ணன் கடைக்கு வந்து, "எந்தப் போட்டோ தம்பி போடப் போற?" என்று கேட்டார். மாதிரியைத் திறந்து திரையைக் காட்டினேன். பெயரை மட்டும் அடித்தேன். வேறு எதையும் மாற்றுகிற வேலை இல்லாமல் போயிற்று, பாவி.

அதற்குப் பிறகும் சாவுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஃபைலைத் திறந்தால் மாலைக்குள்ளிருந்து நீ பார்க்கிறாய். டெலீட்டை அழுத்தக் கை கூசுகிறது. பக்கத்தில் அழுதுகொண்டிருக்கிறவர்கள், தங்கள் ஆளுக்காக நானும் கலங்குகிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. மாதிரியிலிருந்து உன்னை ஒரேயடியாக எடுத்துவிடலாம் என்று எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். முடிந்ததில்லை.

அதனால் இன்று, "முழுசா மாத்திருங்க" என்று சொல்லிவிட்டேன். உன்னை அழித்து அழித்து எனக்குத் தாங்கவில்லை மாப்ள. பழைய டிஸ்க்கை அவர் ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தார். வீட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.

மதியம் புது சாஃப்ட்வேரில் முதல் வேலையாக அந்த மாதிரியைத்தான் போட்டேன். வட்டம் போட்டேன், மாலை சுற்றினேன். அளவு பார்க்க முகம் வேண்டுமே. வெகுநேரம் வெறும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் போனிலிருந்து என் படத்தை ஏற்றி உள்ளே வைத்தேன்.

கச்சிதமாக உட்கார்ந்தது. பயமாக இருந்தது. ஆனாலும் சேவ் பண்ணிவிட்டேன். நீ இருந்த இடத்தில் வேறு எவனையும் உட்கார வைக்க என்னால் முடியவில்லை.